ஆகஸ்ட் கடைசியில் வேலை இழக்கும் என்.எஃப்.எல். வீரர்கள்: கோடீஸ்வரர்களா, வாரக்கூலிக்காரர்களா?

மருதநிலவன் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி இங்கே அதிகம் பேசுவதில்லை என்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன். அந்நாட்டின் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள் இருக்கின்றன. கோடைக்காலப் பயிற்சி முகாமில் ஒவ்வோர் அணியும் 90 வீரர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். பருவம் தொடங்குவதற்கு முன்பு அந்த எண்ணிக்கையை 53 ஆகக் குறைத்தாக வேண்டும். முன்பெல்லாம் இதைப் படிப்படியாகச் செய்தார்கள். 2023 முதல், ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்குள் ஒரே வீச்சில் முடித்துவிடுகிறார்கள். அணிக்கு 37 பேர் என்று கணக்கிட்டால், 1184 பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேலை இழக்கிறார்கள்.

இவர்களில் அணிக்கு 16 பேர் மறுநாளே 'பிராக்டிஸ் ஸ்குவாட்' எனப்படும், அணியோடு பயிற்சி செய்தாலும் வழக்கமாக ஆட்டத்தில் இறங்காத பயிற்சிக் குழுவில் சேர்க்கப்படலாம். 32 அணிகளும் அந்த இடங்களை இவர்களைக் கொண்டே நிரப்பினாலும் 512 பேருக்குத்தான் வழி உண்டு. மீதி 670 பேருக்கு மேல் அன்று மாலையே வீட்டுக்குப் போக வேண்டியவர்கள்.

அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, லட்சக்கணக்கான டாலர் வாங்குகிறவர்களுக்கு என்ன அனுதாபம் என்று ஒருவர் கேட்டார். ஊதியம் குறைவு என்று நான் சொல்லவில்லை. அந்த ஊதியம் எத்தனை வாரத்துக்கு வரும் என்று வீரருக்கோ அவருடைய ஏஜென்ட்டுக்கோ வங்கிக்கோ தெரியாது என்பதும், ஓய்வூதியம், உத்தரவாத ஊதியம், பிற்கால மருத்துவக் காப்பீடு ஆகிய எல்லாப் பாதுகாப்பும் பட்டியலின் கடைசியில் இருக்கும் வீரர் பெரும்பாலும் எட்டாத ஆண்டுக் கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன என்பதும்தான் என் வாதம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.

---

எதிர்வாதி

மாற்றுக் கருத்து எனக்கு உண்டு. 2025 பருவத்தில் பயிற்சிக் குழுவில் இருந்த இளம் வீரருக்கு வாரத்துக்கு 13,000 டாலர். பருவத்தின் 18 வாரங்களுக்கும் 2,34,000 டாலர். 53 பேர் பட்டியலில் இடம்பிடித்த புதுமுக வீரருக்குக் குறைந்தபட்ச ஆண்டு ஊதியமே 8,40,000 டாலர். இருபத்து மூன்று வயதில் இவ்வளவு வருமானம் வேறு எந்தத் தொழிலில் வரும்? பள்ளி ஆசிரியர் சில ஆண்டுகளில் ஈட்டுவதை இவர் ஐந்தே மாதத்தில் ஈட்டிவிடுகிறார். வேலை நிச்சயமற்றது என்பது தெரிந்துதான் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். சம்பளம் உயர்வாக இருப்பதற்கே அந்த நிச்சயமின்மைதான் காரணம் என்றும் வாதிடலாம்.

---

கணக்குப்பிள்ளை

எதிர்வாதி அவர்களே, உங்கள் பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் 18 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள்? பயிற்சிக் குழு ஒப்பந்தம் வாரத்துக்கு வாரம் ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை வேறொரு வீரருக்கு இடம் தேவைப்பட்டால் இவரை நீக்கிவிட்டு அவரைச் சேர்ப்பார்கள். பருவம் முழுவதும் ஒரே பயிற்சிக் குழுவில் இருப்பவர்கள் உண்டு. ஆனால் மூன்று வாரம் ஓர் அணி, ஐந்து வாரம் வேலையின்மை, மீண்டும் இரண்டு வாரம் வேறோர் அணி என்று கழிப்பவர்களும் ஏராளம்.

நான் வருமான வரிப் படிவங்கள் தயாரிக்கும் தொழிலில் இருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு வீரரின் கணக்கு ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ஒரே ஆண்டில் மூன்று அணிகளிடமிருந்து ஊதியத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவங்கள் மூன்று. ஆடிய, பயிற்சி செய்த மாநிலங்கள் ஒவ்வொன்றும் அவர் அங்கே பணியிலிருந்த நாட்களின் விகிதத்துக்கேற்ப வரி கேட்கும் என்பதால், மாநிலப் படிவங்கள் மட்டும் ஒரு கட்டு. டெக்சாஸ், ஃபுளோரிடா, டென்னசி போன்ற மாநிலங்களில் ஊதியத்துக்கு மாநில வரி இல்லை. கலிஃபோர்னியா அணியில் சேர்ந்தாலோ கதையே வேறு. வாடகை ஒப்பந்தங்கள் இரண்டு ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. முதல் அணி நீக்கியபோது குடியிருப்பு நிர்வாகம் விடவில்லை, இரண்டாவது அணியின் ஊரிலும் தங்கியாக வேண்டும். மூன்றாவது ஊரில் மனிதர் வாடகைக்கு வீடே எடுக்கவில்லை, வாரக் கட்டணத்துக்கு விடுதி அறையில் இருந்தார். உடற்பயிற்சியாளருக்கு அந்த ஆண்டு கொடுத்தது ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஓராண்டு மளிகைச் செலவுக்கு மேல் இருக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் (வீரர் சங்க விதிப்படி உச்சவரம்பு 3 சதவீதம்) சொந்தச் செலவில் செய்யும் பயிற்சியையும் முன்பு பணியாளர் செலவாகக் கூட்டாட்சி வரியில் கழித்துக்கொள்ள வழி இருந்தது. 2017-இல் நிறைவேறிய வரிச் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. சொந்தமாகத் தொழில் நடத்துபவர் தம் கருவிகளுக்கான செலவைக் கழிக்கலாம். உடம்பையே கருவியாக வைத்திருக்கும் இந்தப் பணியாளருக்கு அது கிடையாது.

---

எதிர்வாதி

வாடகையும் வரியும் எல்லாருக்கும் உண்டு. நான் கேட்பது, எட்டு வாரம் மட்டுமே வேலை கிடைத்தாலும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கையில் வருகிறதே, அதைச் சேமிக்காதது யார் குற்றம் என்பதுதான்.

---

டாலஸ் வாசி

அந்த எட்டு வாரத்துக்கு வெளியே உள்ள 44 வாரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வேலை போன வீரர் வேறு வேலைக்குப் போகலாமே என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஞாயிறன்று ஆட்டம் முடிந்ததும் யாருக்கெல்லாம் காயம் என்பது தெரியவரும். செவ்வாய்க்கிழமை பொதுவாக அணி வீரர்களுக்கு ஓய்வு நாள் என்பதால், அன்றுதான் வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். திங்கள் பிற்பகலில் ஏஜென்ட்டிடமிருந்து அழைப்பு வந்தால் அன்றிரவே விமானம் ஏற வேண்டும். ஒரே இடத்துக்கு நான்கைந்து பேரை அழைத்திருப்பார்கள். முதலில் மருத்துவப் பரிசோதனை, பிறகு ஓடவிட்டும் பந்து பிடிக்கவைத்தும் பார்ப்பார்கள். பல நேரங்களில் ஒருவரையும் ஒப்பந்தம் செய்யாமல் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயணச் செலவை அணி ஏற்கும், கூலி கிடையாது. எந்தத் திங்கட்கிழமையும் விட்டுவிட்டுக் கிளம்பத் தயாராக இருப்பவரை எந்த நிறுவனம் வேலைக்கு வைத்துக்கொள்ளும்? அதனால்தான் இவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது, வாடகைக் கார் ஓட்டுவது, உறவினர் கடையில் நிற்பது போன்ற வேலைகளோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆட்களைக் குறைக்கும் அந்த வெட்டு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அணி அலுவலகத்தில் இளநிலைப் பணியாளர் ஒருவர் இருப்பார். பயிற்சியாளர் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், ஆட்டத் திட்டங்கள் உள்ள டேப்லெட்டையும் எடுத்து வா என்று அவர் வந்து சொன்னால் கதை முடிந்தது என்று பொருள். முன்பு தடித்த கோப்பு, இப்போது டேப்லெட். பொது மேலாளர் இரண்டு நிமிடம் பேசுவார். பிறகு மருத்துவ அறைக்கு அனுப்புவார்கள். முகாமில் முழங்காலோ தோள்பட்டையோ வலித்துக்கொண்டிருந்தாலும் பலர் அந்த அறையில் நலமாக இருக்கிறேன் என்றே சொல்லிக் கையெழுத்திடுகிறார்கள். ஏனென்றால் அடுத்த 24 மணி நேரத்தில் வேறு 31 அணிகளில் ஏதாவது ஒன்று தம்மை எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. காயம் என்று பதிவானால் அந்த நம்பிக்கை குறைந்துவிடும். பதிவாகாவிட்டால் பிற்பாடு இழப்பீடு கேட்பது கடினமாகிவிடும். இருபத்து மூன்று வயதுப் பையன், வழக்கறிஞர் துணையில்லாமல், விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்போது அந்த முடிவை எடுக்கிறான்.

---

பொற்கிளி

விவாதத்துக்கு இடையில் ஓர் ஐயம். காயமடைந்தவரை நீக்கவே முடியாது என்று எங்கோ படித்தேன். அப்படியிருக்க இழப்பீட்டுக்கு ஏன் போராட வேண்டும்? அந்த 24 மணி நேரக் கணக்கும் எனக்குப் புரியவில்லை.

---

மருதநிலவன்

24 மணி நேரக் கணக்கு எளிது. நான்கு பருவங்களைப் பூர்த்தி செய்யாத வீரரை நீக்கினால் அவர் உடனே சுதந்திர வீரர் ஆகிவிடுவதில்லை. 'வேவர்' பட்டியலில் ஒரு நாள் இருப்பார். முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை என்ற வரிசையில் மற்ற அணிகள் அவரைக் கேட்கலாம். யாராவது கேட்டால் பழைய ஒப்பந்தத்தோடு அங்கே போகிறார். ஊர் பிடிக்காது, பயிற்சியாளர் பிடிக்காது என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லையென்றால்தான் தமக்கு விருப்பமான பயிற்சிக் குழுவைத் தேடலாம்.

காயம் பற்றி: ஆட்டத்திலோ பயிற்சியிலோ ஏற்பட்ட காயத்தோடு இருப்பவரை ஊதியமே இல்லாமல் கைகழுவிவிட முடியாது என்பது உண்மை. 'காயத்துடன் நீக்கம்' என்று அறிவித்து, வேறு அணி எடுக்காவிட்டால் அவரைத் தங்கள் காயப் பட்டியலில் வைத்துக்கொள்வார்கள். அல்லது குணமாக ஆறு வாரம் ஆகும், ஆறு வார ஊதியம் தருகிறோம், போய் வா என்று ஓர் உடன்பாட்டுக்கு வருவார்கள். காயமே இல்லை என்று அணி சொல்லி, இருக்கிறது என்று வீரர் சொன்னால், நீக்கப்பட்ட 25 நாட்களுக்குள் முறையீடு செய்ய வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவான மருத்துவர் ஒருவர் பரிசோதிப்பார். டாலஸ் வாசி சொன்ன கையெழுத்து அங்கேதான் வந்து எதிரே நிற்கும்.

இன்னொரு சிக்கல் உண்டு. இளம் வீரர்கள் பலருக்கு இரட்டை விகித ஒப்பந்தம்தான் கொடுக்கப்படுகிறது. 53 பேர் பட்டியலில் இருந்தால் ஒரு விகிதம், காயப் பட்டியலுக்குப் போனால் அதைவிடக் குறைந்த விகிதம். 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் நடந்த ஆட்டத்தின் நடுவே பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் இதயத் துடிப்பு நின்று மைதானத்திலேயே விழுந்ததை நேரலையில் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அவர், அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில் ஆறாவது சுற்றில் தேர்வானவர், இரண்டாவது பருவத்தில் இருந்தார். அவரைக் காயப் பட்டியலில் சேர்த்தபோது, 8,25,000 டாலர் என்ற அவருடைய ஆண்டு ஊதிய விகிதம் ஒப்பந்தப்படி 4,55,000 ஆகக் குறைந்திருக்க வேண்டும். பில்ஸ் அணியும் லீகும் வீரர் சங்கமும் பேசி முழு ஊதியத்தையும் வழங்க ஏற்பாடு செய்தன. உலகமே பார்த்துக்கொண்டிருந்ததால் அது நடந்தது. பயிற்சி மைதானத்தில் தசைநார் கிழிந்த, பெயர் தெரியாத வீரருக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் குறைந்த விகிதம்தான்.

---

பொற்கிளி

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஹாம்லினுக்கு ஓய்வூதிய உரிமையும் அப்போது வந்திருக்கவில்லை என்று படித்த நினைவு.

---

மருதநிலவன்

ஆம். மூன்று பருவங்கள் கணக்கில் ஏறினால்தான் ஓய்வூதிய உரிமை பிறக்கும். ஒரு பருவம் கணக்கில் ஏற வேண்டுமென்றால், முழு ஊதிய நிலையில் குறைந்தது மூன்று ஆட்டங்களுக்கு இருந்திருக்க வேண்டும். பயிற்சிக் குழுவில் கழித்த வாரங்களை அந்த மூன்று ஆட்டங்களுக்கு ஈடாகக் கொள்வதில்லை. ஆட்டத்தை விட்டு விலகிய பின் ஐந்து ஆண்டுகளுக்குக் கிடைக்கும் மருத்துவக் காப்பீடும் அந்த மூன்று பருவத் தகுதியை ஒட்டியதே. வீரர் சங்கம் வழக்கமாகச் சொல்லும் சராசரி ஆட்டக்காலம் 3.3 ஆண்டுகள். சராசரியே அந்த வாசற்படியில்தான் நிற்கிறது என்றால், சராசரிக்குக் கீழே இருப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

---

எதிர்வாதி

அந்த 3.3 என்ற எண்ணை லீக் ஏற்பதில்லை. முதல் பருவத் தொடக்கத்திலேயே 53 பேர் பட்டியலில் இடம்பிடித்தவர்களை மட்டும் எடுத்தால் சராசரி ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் என்பது லீகின் வாதம்.

---

மருதநிலவன்

வெட்டு நாளில் தப்பியவர்களை மட்டும் எண்ணினால் ஆறு வரும், தப்பாதவர்களையும் எண்ணினால் மூன்று வரும். இந்த இழையே தப்பாதவர்களைப் பற்றியதுதானே.

---

தென்றல்வாணன்

எதற்கு இவ்வளவு நுணுக்கம்? ஓய்வு பெற்ற இரண்டே ஆண்டுகளில் 78 சதவீத வீரர்கள் திவாலாகிவிடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. நகையும் காரும் வாங்கி ஊதாரித்தனமாகச் செலவழித்தால் அப்படித்தான் ஆகும்.

---

கணக்குப்பிள்ளை

அந்த 78 சதவீதத்தைத் தயவுசெய்து இனியும் பரப்ப வேண்டாம். 2009-இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் வந்த கட்டுரையில் இருந்த எண் அது. அங்கேயும் 'திவாலானவர்கள், அல்லது வேலையின்மையாலோ மணமுறிவாலோ பண நெருக்கடியில் இருப்பவர்கள்' என்றுதான் சொல்லப்பட்டது. பண நெருக்கடி என்பதை எப்படி வேண்டுமானாலும் நீட்டலாம். பகிரப்படும்போது பின்பாதி உதிர்ந்து, திவால் மட்டும் நின்றுவிட்டது.

நீதிமன்றப் பதிவுகளை எண்ணிச் செய்த ஆய்வு ஒன்று 2015-இல் அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வகம் வழியாக வெளிவந்தது. 1996 முதல் 2003 வரை டிராஃப்ட்டில் தேர்வான வீரர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஓய்வுக்குப் பின் 12 ஆண்டுகளுக்குள் திவால் மனு கொடுத்தவர்கள் ஏறத்தாழ 16 சதவீதம். 78 எங்கே, 16 எங்கே. ஆனால் இந்த 16-உம் சிறிய எண் இல்லை. ஆய்வாளர்களுக்கு வியப்பளித்தது வேறொன்று. அதிக ஆண்டுகள் ஆடியவர்களுக்கும் அதிகம் சம்பாதித்தவர்களுக்கும் திவால் ஆபத்து பெரிதாகக் குறையவில்லை. இளமையில் சில ஆண்டுகள் மட்டும் பெருந்தொகை வந்தால், பிற்காலத்துக்காக அதில் பெரும்பகுதியை ஒதுக்கி வைப்பார்கள் என்று பொருளியல் பாடநூல் எதிர்பார்க்கிறது. நடைமுறையில் அப்படி நடக்கவில்லை.

என் தொழில் பார்வையில் இன்னொன்றும் தோன்றுகிறது. அந்த ஆய்வில் இருப்பவர்கள் எல்லாரும் டிராஃப்ட்டில் தேர்வானவர்கள், அதாவது கையெழுத்திடும்போதே ஒரு தொகையை முன்பணமாகப் பெற்றவர்கள். ஆண்டுக்கு 250-க்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. முகாமுக்கு வரும் 90 பேரில் கடைசி இருபது பேர் பெரும்பாலும் டிராஃப்ட்டில் தேர்வாகாமல் வந்தவர்கள். அவர்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. அவர்களில் பலருக்கு நகையும் காரும் வாங்கும் அளவுக்குப் பணம் வந்ததே இல்லை. ஊதாரித்தனக் கதைகளில் வாரன் சாப், வின்ஸ் யங் போன்ற பெரிய பெயர்கள்தான் வரும். முன்னவர் 2012-இலும் பின்னவர் 2014-இலும் திவால் மனு கொடுத்தார்கள். கோடிகளை ஈட்டி இழந்தவர்களின் சிக்கல் வேறு, ஈட்டுவதற்கு முன்பே நீக்கப்பட்டவர்களின் சிக்கல் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

---

தென்றல்வாணன்

78-ஐ விட்டுவிடுகிறேன். ஆனால் விடாமுயற்சி உள்ளவனுக்கு வழி உண்டு. கர்ட் வார்னரைப் பாருங்கள்.

---

டாலஸ் வாசி

வார்னரின் கதையை நானும் விரும்பிப் படித்தவன்தான். 1994-இல் கிரீன் பே பேக்கர்ஸ் முகாமில் நீக்கப்பட்டு, அயோவாவில் ஹை-வீ மளிகைக் கடையில் மணிக்கு 5.50 டாலருக்கு அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். உள்ளரங்கில் ஆடும் அரீனா கால்பந்தில் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸுக்கு ஆடினார். 1998-இல் ஐரோப்பிய லீகில் ஆம்ஸ்டர்டாம் அணிக்கு ஆடினார். 1999-இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் ட்ரென்ட் கிரீன் முன்பருவ ஆட்டத்தில் முழங்கால் காயமடைந்ததால் வாய்ப்பு வந்தது. அந்தப் பருவத்திலேயே லீகின் சிறந்த வீரர் விருதையும் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலையும் வென்றார்.

அவர் ஏறிய படிகளைக் கவனியுங்கள். அந்த ஐரோப்பிய லீகை என்.எஃப்.எல். 2007-இல் மூடிவிட்டது. இன்று அந்த இடத்தில் இருப்பது, 2024-இல் இரண்டு சிறு லீகுகள் இணைந்து உருவான யு.எஃப்.எல். வசந்த காலத்தில் நடக்கும் அதில் எட்டு அணிகள்தான். கனடா லீகில் அந்நாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு என்பதால் அமெரிக்கர்களுக்கான இடங்கள் மட்டுப்பட்டவை. 670 பேரும் அவற்றில் அடங்க மாட்டார்கள். அடுத்த ஏப்ரலில் கல்லூரிகளிலிருந்து புதிய கூட்டம் வேறு வரும். மேலும், கிரீனுக்குக் காயம் ஏற்படாமலிருந்தால் வார்னரின் விடாமுயற்சி குறைந்திருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டோம் அல்லவா?

---

எதிர்வாதி

நிறுவனம் எப்படி இயங்குகிறது என்பதையும் பார்ப்போம். உத்தரவாத ஒப்பந்தம் கொடுத்தால் அணி ஆடாத வீரருக்கும் பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். 2025-இல் ஓர் அணியின் மொத்த ஊதிய வரம்பு 27.92 கோடி டாலர். அதைத் தாண்ட முடியாது. கூடைப்பந்தில் ஓர் அணிக்கு 15 பேர், இங்கே 53 பேர், அதோடு எந்த வாரமும் யாருக்கும் காயம் ஏற்படலாம். ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கும் வசதி இல்லாவிட்டால் இந்த விளையாட்டே நடக்காது.

---

மருதநிலவன்

வரம்பு இருக்கிறது என்பதும் ஆட்களை மாற்ற வேண்டியிருக்கிறது என்பதும் சரி. ஆனால் அந்த வரம்புக்குள்ளேயே 2024-இல் நட்சத்திர வீரர் டாக் பிரெஸ்காட்டுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்து, அதில் 23.1 கோடியை உத்தரவாதமாக்க டாலஸ் கௌபாய்ஸ் அணியால் முடிந்தது. பேரம் பேசும் வலு இருப்பவருக்கு உத்தரவாதம் கிடைக்கிறது, இல்லாதவருக்கு இல்லை. சாதாரண வீரரின் ஒப்பந்தப் படிவத்தில், அவருடைய திறன் அணியில் போட்டியிடும் மற்ற வீரர்களோடு ஒப்பிடுகையில் போதாது என்று அணி கருதினாலே நீக்கலாம் என்று எழுதியிருக்கிறது. கருதுவது முழுக்க அணியின் உரிமை. அவர் நன்றாக ஆடியும் அவரைவிட மலிவான ஒருவர் சற்றே நன்றாக ஆடினால் போதும், வேலை போய்விடும்.

மலிவு என்பதுதான் இங்கே ஆணிவேர். குறைந்தபட்ச ஊதியம் அனுபவத்தோடு ஏறுகிறது. 2025-இல் புதுமுகத்துக்கு 8,40,000 என்றால், ஏழு ஆண்டு அனுபவத்துக்கு 12,55,000. பாதுகாப்புக்காகச் சங்கம் போராடிப் பெற்ற அந்தப் படிநிலையே ஆறாம் ஏழாம் ஆண்டு வீரரை விலை கூடியவராக்குகிறது. அதை ஈடுகட்ட, அனுபவ வீரரின் ஊதியத்தில் ஒரு பகுதியை வரம்புக் கணக்கில் சேர்க்காமல் விடும் சலுகை கொண்டுவந்தார்கள். ஓரளவுதான் உதவுகிறது.

இன்னொரு விதியும் இப்படித்தான் திரும்பிக்கொண்டது. நான்கு பருவங்களைக் கடந்த வீரர், முதல் வார ஆட்டத்தின்போது பட்டியலில் இருந்தால், பின்னர் நீக்கப்பட்டாலும் அந்தப் பருவத்தின் மீதி ஊதியத்தைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. நல்ல விதி. இதனால் என்ன நடக்கிறது? முதல் ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை சில அனுபவ வீரர்களை நீக்குகிறார்கள், ஆட்டம் முடிந்த செவ்வாய்க்கிழமை அவர்களையே திரும்ப அழைத்து ஒப்பந்தம் போடுகிறார்கள். ஒரு வாரம் வீட்டில் உட்காரவைத்து உத்தரவாதத்தைத் தவிர்த்துவிடுகிறார்கள். விதிமீறல் எதுவும் இல்லை.

---

கணக்குப்பிள்ளை

நிலவன் சொன்னதோடு ஒரு சிறு கணக்கு. 8,40,000-ஐ 18 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 46,700 டாலர். பயிற்சிக் குழுவில் 13,000. பட்டியலின் 53-ஆவது ஆளுக்கும் அவருக்கு அடுத்தவருக்கும் திறனில் உள்ள வேறுபாட்டைப் பயிற்சியாளர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. ஊதியத்தில் மூன்றரை மடங்கு. ஆட்டநாளுக்கு மட்டும் பயிற்சிக் குழுவிலிருந்து மேலே எடுக்கப்பட்டால் அந்த வாரம் மேல் விகிதம் கிடைக்கும், ஆனால் ஒரு பருவத்தில் ஒருவரை அப்படி மூன்று முறைதான் எடுக்கலாம். நான்காவது முறை தேவைப்பட்டால் 53 பேரில் ஒருவராக ஒப்பந்தம் போட வேண்டும். போடாமல் வேறொருவரை எடுத்துக்கொள்ளும் அணிகளும் உண்டு.

ஜனவரியில் பருவம் முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தம் என்று ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். செய்தியில் அது பெரிய ஊதியமாகத் தெரியும். உண்மையில் செப்டம்பரில் பட்டியலில் இருந்தால்தான் அந்த ஊதியம். இடைப்பட்ட மாதங்களில் உடற்பயிற்சி நாட்களுக்கும் முகாமுக்கும் தரும் சிறு படிதான் வருமானம். வேலையில்லாதோர் உதவித்தொகையும் எளிதில் கிடைக்காது. அடுத்த பருவத்திலும் ஆடுவார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், இரண்டு பருவங்களுக்கு இடையே விளையாட்டு வீரருக்கு அந்த உதவியை மறுக்கக் கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. அதனால் என்னிடம் ஆலோசனை கேட்கும் இளம் வீரருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஜனவரியில் கையெழுத்திட்டதை வருமானமாக எண்ணி வீடோ காரோ தவணையில் எடுக்காதீர்கள், வங்கிக்கு வந்த பணத்தை மட்டும் எண்ணுங்கள்.

---

எதிர்வாதி

பருவங்களுக்கு இடையே உதவித்தொகை மறுக்கப்படுவது எனக்குப் புதிய செய்தி, கடுமையான விதிதான். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சங்கத்தில் பெரும்பான்மையினர் குறைந்தபட்ச ஊதியக்காரர்கள். இவ்வளவு குறைகள் இருந்தால் வாக்குப் பலத்தை வைத்து அவர்களே ஏன் மாற்றிக்கொள்ளவில்லை?

---

மருதநிலவன்

ஒருமுறை அந்தப் பலத்தைப் பயன்படுத்தினார்கள். 2020 மார்ச்சில், வீரர் சங்கத்துக்கும் லீகுக்கும் இடையிலான புதிய தொழில் ஒப்பந்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. ஆரன் ராட்ஜர்ஸ், ரஸ்ஸல் வில்சன் போன்ற நட்சத்திரங்கள் எதிர்த்தார்கள். 17-ஆவது ஆட்டத்தைச் சேர்ப்பது உடம்புக்குக் கேடு என்பது முக்கியமான எதிர்ப்பு. ஆனால் அந்த ஒப்பந்தம் புதுமுகத்தின் குறைந்தபட்ச ஊதியத்தை அந்த ஆண்டே 5,10,000-இலிருந்து 6,10,000 ஆக்கியது, பயிற்சிக் குழுவைப் பெரிதாக்கியது. 1,019-க்கு 959 என்ற நூலிழையில் நிறைவேறியது. மூன்று ஆண்டுதான் ஆடப்போகிறோம் என்று நினைப்பவருக்கு இந்த ஆண்டின் ஒரு லட்சம் டாலர், பத்தாண்டுக்குப் பிந்தைய முழங்கால் வலியைவிடப் பெரியது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உரிமையாளர்கள் அந்த அவசரத்தை நன்றாக அறிந்தவர்கள். பல ஆண்டுகள் காத்திருந்து பேரம் பேச அவர்களால் முடியும். ஆடும் காலம் மூன்று ஆண்டாக இருப்பவர் ஒரு பருவத்தை வேலைநிறுத்தத்தில் இழந்தால் மூன்றில் ஒரு பங்கு வாழ்நாள் வருமானமே போய்விடும்.

---

டாலஸ் வாசி

இப்போதைய ஒப்பந்தம் 2030 பருவம் வரை நடப்பில் இருக்கும். அதற்கு முன்பே 18-ஆவது ஆட்டத்தைக் கொண்டுவர வேண்டுமென்று லீக் விரும்புவதை ஆணையர் ராஜர் குடெல் வெளிப்படையாகப் பேசிவருகிறார். சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் அது நடக்காது. ஆக, பேரம் பேச ஒரு வாய்ப்பு இருக்கிறது. பயிற்சிக் குழு வாரங்களையும் ஓய்வூதியத் தகுதியில் ஏதாவது ஒரு விகிதத்தில் சேர்க்க வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வைப்பேன். குறைந்தபட்ச ஊதியத்தை மேலும் உயர்த்துவதைவிட அது பயனுள்ளது.

---

எதிர்வாதி

அதற்கு நானும் வாக்களிப்பேன், அதன் செலவையும் சொல்லிவிட்டுக் கேட்டால். ஆனால் நான் உரிமையாளராக இருந்தால் ஓய்வூதியத் தகுதியை விட்டுக்கொடுக்க மாட்டேன், 53-ஐ 56 ஆக்கித் தருகிறேன் என்பேன். மூன்று ஆட்கள் கூடினால் பயிற்சியாளர்களுக்கும் மகிழ்ச்சி, ஊதிய வரம்பும் மாறாது, செலவு மற்ற வீரர்களின் பங்கிலிருந்து போகும்.

---

கணக்குப்பிள்ளை

அணிக்கு மூன்று என்றால் 96 இடங்கள். சங்கம் அதையே வாங்கிக்கொண்டு வந்துவிடும் என்பது என் கணிப்பு. வெற்றி என்று உடனே சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? ஓய்வூதியத் தகுதியை அப்படிச் சொல்ல முடியாது. அதன் பலன் வாக்களிப்பவருக்குத் தெரியவர முப்பது ஆண்டு ஆகும்.